சின்னையாவின் கேள்விக்கு ஒரு சைக்கிள் பயணம்

என் சின்னையா நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்தவர். விடியப்புறம் வெற்றிலையை மடித்துக் கொடுப்புக்குள் அடக்கினாரென்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் துப்புவார். ஒருநாள் மீன்குழம்பு உறைக்கிறது என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொதியும் வெறுஞ்சோறும்தான் என்றானது. வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போயிருந்ததைப் பொங்கலன்று கரும்பு கடிக்கும்போதுதான் வீட்டார் கண்டார்கள். அதற்குள் உட்கன்னத்தில் புண் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வவுனியா ஆஸ்பத்திரி, அங்கிருந்து தெல்லிப்பழை. கிழமைக்கு 5 நாள், 6 கிழமை கதிர்வீச்சு. நாளாந்தம் போய்வரக்கூடிய தூரமில்லை. சுன்னாகத்தில் உறவுக்காரர் ஒருவரின் விறாந்தையில் படுத்தெழும்பி முடித்தார். அந்த வருஷச் சிறுபோகம் விதைக்காமலே போனது.

"தம்பி, இது செல் விழுந்த மண்ணால வந்ததோ, நெல்லுக்கு அடிச்ச மருந்தால வந்ததோ?" என்று என்னைக் கேட்டார். வெற்றிலையைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் போய்விட்டன. வன்னியில் புற்றுநோயால் ஒருவர் இறந்த வீட்டுக்குப் போனால் பந்தலுக்குக் கீழே இப்போதும் இதே கேள்விதான். 2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்கால் வரை நடந்து திரும்பிய சனம் இது. கிணற்றுத் தண்ணீரிலும் சந்தேகம், குண்டு வெடித்த மண்ணிலும் சந்தேகம், தோளில் சுமந்து அடிக்கும் மருந்திலும் சந்தேகம். செட்டிகுளத்திலும் வவுனியா தெற்கிலும் சிறுநீரக நோய் பரவியபோதும் இப்படித்தான் கேட்டோம். அநுராதபுரத்துச் சிங்கள விவசாயியும் அதையேதான் கேட்டார். பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆய்வு நடந்ததால் எந்த ஊரில் எத்தனை பேருக்கு என்ற கணக்காவது கையில் இருக்கிறது. சுத்தமான குடிநீர் எங்கே முதலில் போகவேண்டும் என்று அந்தக் கணக்குக் காட்டியது. வன்னியின் புற்றுநோய் விஷயத்தில் நாம் அந்த இடத்துக்கே இன்னும் வரவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், புற்றுநோய்க்காகச் சைக்கிள் ஓடிப் பணம் சேர்க்கும் வழக்கம் நம் ஆட்களிடையேயும் பழகிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒருவர், இளவேனில் தொடங்கியதும் குடும்பத்து வட்சப் குழுவில் தன் சைக்கிள் படத்தைப் போட்டு ஆதரவு கேட்பார். பிரின்சஸ் மார்க்ரட் புற்றுநோய் நிலையத்துக்காக 2008இல் தொடங்கிய இரண்டு நாள் சைக்கிள் பயணம் அது. 200 கிலோமீற்றருக்கு மேல் உழக்க வேண்டும். சேரும் பணம் ஆய்வுக்குப் போகிறது. கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ரெறி பொக்ஸ் என்ற பெயர் பால்வாடி வயதிலேயே தெரியும். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த அந்த இளைஞன், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12ஆம் திகதி அத்திலாந்திக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர். நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்ரெம்பர் 1ஆம் திகதி ஓட்டத்தை நிறுத்தினான். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தான். அவன் கேட்டது கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டொலர். உயிரோடு இருக்கும்போதே 2 கோடி 40 இலட்சம் டொலர் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் சனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரி கட்டக் கேட்கவில்லை, கட்டிலுக்குக் கேட்கவில்லை. ஆய்வுக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டான். இந்த இடத்தை நாம் கவனிக்கவேண்டும்.

அதே 1980இல் அமெரிக்காவில் பொஸ்ரன் பகுதிக்காரர் பில்லி ஸ்ரார், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 35 பேரைச் சேர்த்துக்கொண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சைக்கிளில் குறுக்காகக் கடந்தார். முதல் வருஷம் கிடைத்தது 10,200 டொலர். இன்று அந்தப் பயணத்தின் மொத்தச் சேகரிப்பு 100 கோடி டொலரைத் தாண்டியிருக்கிறது. பணம் போகும் இடம் டானா-பார்பர் புற்றுநோய் நிலையம். அந்த நிலையத்தின் வேரில் நமக்குப் பக்கத்து மனிதர் ஒருவரும் இருக்கிறார். எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கடன் பட்டுக் கப்பலேறியவர். லெடர்லே ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழு செய்த மருந்தைத்தான் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தென்று எதுவுமே இருந்ததில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதொட்ரெக்சேற் இன்றைக்கும் உலகெங்கும் குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிறது. ஆய்வுக்குக் கொடுக்கும் காசு எங்கேயோ காற்றில் போய்விடுகிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் எப்போதும் சொல்வேன்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை நடந்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். போர் ஓய்ந்து இரண்டு வருஷம் சற்றே கடந்திருந்த நேரம். ஏ-9 வீதியின் இருபக்கமும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையும் கூரையில்லாத சுவர்களுமாகக் கிடந்த காலம். அந்த நடையில் 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. தெல்லிப்பழையில் இன்று நிற்கும் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் அந்தப் பணத்தில் எழுந்தது. 2016இல் அதே நடையைத் திருப்பி நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார்கள். அதே 2016இல், புற்றுநோயால் மகனை இழந்த எம்.எஸ்.எச். முகம்மது என்ற தந்தையின் முயற்சியில், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கானர் வாங்கவென 20 கோடி ரூபா பொதுமக்களிடமிருந்தே சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்தார்கள், பஸ்ஸில் போகிறவர்களும் கொடுத்தார்கள். கேட்கத் தெரிந்தவர் கேட்டால் இந்த நாட்டுச் சனம் கொடுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தெல்லிப்பழைக் கட்டடம் இல்லாதிருந்தால் என் சின்னையா மகரகமவுக்குப் போக நேர்ந்திருக்கலாம். வவுனியாவிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல், மொழி தெரியாத வாட்டுக்குள். ஆகவே கட்டடம் கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கட்டடம் வந்த பிறகும் வன்னியிலிருந்து போகிறவர்கள் பிந்தித்தான் போகிறார்கள். ஏன் பிந்துகிறது, எந்த ஊரில் பிந்துகிறது, எந்தப் புற்று அதிகம், எந்த வயதில் என்று கேட்டால், மாவட்டத்தை ஊர் ஊராகப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. இலங்கையில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985இல் தொடங்கியது. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை எண்ணும் பதிவேடு. தெல்லிப்பழைக்கும் அநுராதபுரத்துக்கும் மகரகமவுக்குமாகச் சிதறிப்போகும் வன்னி நோயாளரை ஒரே தாளில் சேர்த்துப் பார்ப்பது கடினம். உறவினர் அனுப்பும் காசில் சென்னைக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவர் இந்தக் கணக்கில் ஏறுவாரா? ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குடிலில் வைத்தியமே பார்க்காமல் செத்துப்போகிறவர்? வீட்டில் கலியாணம் பேசுகிற பிள்ளை இருந்தால் நோயின் பெயரையே வெளியில் சொல்லமாட்டார்கள். அந்த மரணங்கள் வயிற்றுக்குத்து, காய்ச்சல் என்று போய்விடும்.

என் வேண்டுகோள் இதுதான். வவுனியாவிலிருந்து தெல்லிப்பழைக்கு ஒரு சைக்கிள் பயணம் போவோம். அதில் சேரும் ஒவ்வொரு ரூபாவும் வன்னியின் புற்றுநோயை எண்ணிப் படிக்கும் ஆய்வுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போவோம்.

ஆய்வு என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் பலருக்கு நினைவில் வரும். இங்கே வேண்டிய ஆய்வுக்குப் பெரும்பாலும் வேண்டியது ஒரு டோர்ச், ஒரு சோடி கையுறை, ஒரு கொப்பி, போய்வரச் சைக்கிள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் 1996இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகள். பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள், வைத்தியர்கள் அல்லர், வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம், சிவந்த தடிப்பு, ஆறாத புண் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சில பஞ்சாயத்துகளில் இப்படிப் பார்த்தார்கள், மற்றவற்றில் வழமைபோல விட்டார்கள். பிறகு ஒப்பிட்டார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் பார்த்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைந்திருந்தது. 2005இல் லான்செற் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. உலகம் முழுக்க அதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறிப் போன முக்கியமான சந்தை அந்தத் திருவிதாங்கூர்தான். யாழ்ப்பாணத்தின் எத்தனையோ கல்வீடுகள் அந்த வியாபாரத்தில் எழும்பியவை. நாம் புகையிலை அனுப்பிய ஊரே அதனால் வந்த நோயை எப்படி முந்திப் பிடிப்பது என்று படித்து வைத்திருக்கிறது. அந்தப் படிப்பை நாம் இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியூரையே பார்க்கவும் தேவையில்லை. 80களின் தொடக்கத்தில் பல் வைத்தியர் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் மத்திய மலைநாட்டில் ஆரம்பச் சுகாதாரப் பணியாளரைப் பழக்கி 28 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது வந்தது. மருத்துவரல்லாத பணியாளரும் சரியாகக் கண்டுபிடிக்க முடியும் என்று முதலில் காட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த ஆண்டுகளில் வடக்கில் போர் மூண்டிருந்தது. அந்த வெளிச்சம் இங்கே எட்டாமல் போனதை வரலாற்றின் கணக்கில் விடலாம். இனியும் விட முடியாது. இலங்கை ஆண்களிடம் புற்றுநோய்களில் முதலாவதாக நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலை பாக்குக்கூடப் புற்றை உண்டாக்கும், பாக்கே நஞ்சு என்று லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது. சபையில் தட்டம் வைக்காமல் நம் வீட்டில் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை. வெற்றிலை மரியாதையின் அடையாளம் என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் வயலில் நிற்கிறவரின் கொடுப்புக்குள் அது ஆறு மணித்தியாலம் கிடப்பது மரியாதைக்காக அல்ல. பசியை அடக்கவும் களைப்பை மறக்கவும்தான்.

சின்னையாவின் கேள்விக்கு நான் இதை விடையாகச் சொல்லிவிடவில்லை. வெற்றிலைதான் என்று ஒரே அடியாகச் சொல்லி மண்ணையும் மருந்தையும் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். தண்ணீர், மண், மருந்து என்று நம் சனம் சந்தேகப்படும் மூன்றும் ஆராயப்பட வேண்டியவை. யார் எத்தனை வருஷம் எந்த மருந்து அடித்தார், எந்தக் கிணற்றில் குடித்தார், 2009இல் எங்கே இருந்தார், வெற்றிலை எவ்வளவு என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒரே மாதிரிக் கேட்டு எழுதினால்தான் எது எவ்வளவு என்று பிரித்தறியலாம். மகாராஷ்டிரத்தில் பார்சி என்ற நாட்டுப்புறத் தாலுகாவில் 1987இல் ஊர் ஊராகப் போய்ப் புற்றுநோயைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வன்னியைப் போலவே வானம் பார்த்த விவசாய நிலம்.

செய்ய ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வவுனியாப் பம்பைமடுவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. கணிதமும் கணினியும் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணத் தெரிந்தவர்கள், மறுபக்கம் நோய் அறிந்தவர்கள். நடுவில் ஏ-9 வீதி. நோயாளியின் பெயர் வெளியே போகாமல் காப்பதற்கு மருத்துவபீடத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகே எந்த வீட்டுப் படலையையும் தட்ட வேண்டும். கலியாணம் பேசும் பிள்ளையுள்ள வீடு வாய் திறக்குமா என்பது இதில்தான் இருக்கிறது.

காசுக்கு வருவோம். வவுனியாவிலிருந்து தெல்லிப்பழைக்கு ஏறத்தாழ 155 கிலோமீற்றர். ஓடுகிற ஒருவருக்காகக் கிலோமீற்றருக்கு 10 ரூபா தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டால் 1,550 ரூபா. இப்படி 20 பேரைப் பிடித்தால் 31 ஆயிரம். 100 பேர் ஓடினால் 31 இலட்சம். இதில் ரொறன்ரோ மச்சானைச் சேர்க்கவில்லை. வவுனியா நகரத்துக் கடைக்காரரும் வேப்பங்குளத்து ஆசிரியரும் தரக்கூடிய தொகையை மட்டும் கணக்குப் பார்த்தேன். 31 இலட்சத்தில் புதிய மருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் வாய்ப் பரிசோதனை ஆய்வொன்றைத் தொடங்கி வைக்கலாம். முதல் கொப்பி அங்கே நிரம்பும்.

இதைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர் கோபப்பட்டார். மருந்து இல்லாமல் சனம் அந்தரப்படும்போது எண்ணுவதற்குக் காசு கேட்கிறாயே என்றார். அந்தக் கோபம் நியாயமானது. 2022இல் டொலர் இல்லாமல் புற்றுநோய் மருந்துக்கே நாடு திண்டாடியதையும் கிளினிக்குக்குப் போக எரிபொருள் கிடைக்காமல் நோயாளர்கள் தவித்ததையும் பார்த்தோம். ஆனால் மருந்து வாங்கித் தருவது அரசின் கடன். அதைத் தட்டிக் கேட்கும்போது கையில் எண் இருந்தால் குரலுக்குப் பலம் வரும். வவுனியாவில் நிரந்தரமான புற்றுநோய் வைத்தியர் வேண்டும், முல்லைத்தீவிலிருந்து கதிர்வீச்சுக்குப் போகிறவர்கள் தங்க இடம் வேண்டும் என்று கேட்டால், எத்தனை பேருக்கு என்று கொழும்பு திருப்பிக் கேட்கும். நிறையப் பேருக்கு என்ற பதிலோடு எத்தனை தடவைதான் திரும்பி வருவது?

இன்னொரு பயம் எனக்கே உண்டு. பணம் சேர்க்கும் பயணங்கள் சில இடங்களில் பதாகையிலும் ரீசேட்டிலும் படப்பிடிப்பிலும் கரைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். பொஸ்ரன் பயணத்தில் ஓடுகிறவர்கள் திரட்டும் பணம் முழுவதும் நிலையத்துக்குப் போகிறது. செலவை வேறு வழியில் ஈடுகட்டுகிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். தண்ணீரும் வாழைப்பழமும் வழியில் உள்ள சனசமூக நிலையங்கள் தரும். கேட்கத்தான் வேண்டும். வரவையும் செலவையும் மாவட்டச் செயலகத்து அறிவித்தல் பலகையில் ரூபா சதம் வரை ஒட்ட வேண்டும்.

சைக்கிள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 90களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத வன்னியில் சைக்கிள்தான் அம்புலன்ஸ், சைக்கிள்தான் விறகு வண்டி, நெல் மூட்டையும் பிரசவ வலி வந்த பெண்ணும் கரியலில்தான் போனார்கள். காய்ச்சலில் கிடந்த என்னைப் பாரில் இருத்தி, என் நெஞ்சைத் தன் கையால் அணைத்துக்கொண்டு கிரவல் ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு உழக்கியது இதே சின்னையாதான். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது தாழ்வாரத்தில் தூசு படிந்து கிடந்த லுமாலா சைக்கிள்கள் எல்லாம் மறுபடி வீதிக்கு வந்தன. ஆகவே விலையுயர்ந்த பந்தயச் சைக்கிள் வைத்திருப்பவர்களின் விழாவாக இது ஆகிவிடக்கூடாது. கரியலும் மட்காட்டும் உள்ள சைக்கிளோடு ஐம்பது வயதுக்காரர் வரவேண்டும். பெண்கள் வரவேண்டும். போட்டி இல்லை, முதலாமிடம் இல்லை.

ஆகஸ்ட் நல்ல மாதம். பள்ளிக்கூட விடுமுறை கிடைக்கும், மழை இராது, சோளகம் வீசும். வடக்கு நோக்கிப் போகிறவனுக்குச் சோளகம் முதுகில் தள்ளும் காற்று. கச்சேரிக்கு முன்னால் பண்டாரவன்னியன் சிலையடியில் விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஓமந்தை, புளியங்குளம் கடந்து வெயில் ஏறுமுன் மாங்குளம். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துக் கச்சான் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குக் கிளிநொச்சி. அன்றிரவு அங்கே தங்கல். அடுத்த நாள் பரந்தன், நிழலே இல்லாத ஆனையிறவு, பளை, சாவகச்சேரி. பின்னேரம் தெல்லிப்பழை. ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு டோர்ச், ஒரு பல் வைத்தியர். வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் வெற்றிலை போடுகிறவர் அந்தக் கதிரையில் இருந்து வாயைத் திறக்கட்டும்.

என்னிடம் சின்னையாவின் சைக்கிள் இருக்கிறது. ரயர் இரண்டும் மாற்ற வேண்டும், பின்சில்லு கொஞ்சம் ஆடுகிறது. வைரவபுளியங்குளத்தில் கொடுத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.